நிலாப் படமும் ரிக்கார்டு ரூமும்

போன வாரம் தொலைக்காட்சியில் நிலாவைப் பற்றி ஓர் ஆவணப்படம் பார்த்தேன். ஜப்பான்காரர்கள் அனுப்பிய 'ககுயா' என்ற விண்கலம் நிலாவைச் சுற்றிக்கொண்டே எடுத்த காட்சிகளை வைத்துத் தயாரித்தது. மகன் வீட்டு வரவேற்பறையில் சுவர் அகலத்துக்கு ஒரு டிவி இருக்கிறது. விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு உட்கார்ந்தோம்.

என்ன துல்லியம்! பள்ளங்களின் விளிம்பு கத்தியால் வெட்டியது போலத் தெரிகிறது. நிழல் என்றால் மை கொட்டியது போன்ற நிழல். நம் மலைகளைத் தூரத்திலிருந்து பார்த்தால் நீலம் பூத்து மங்கித் தெரியும் அல்லவா, அது அங்கே கிடையாது. காற்று இல்லாததால் பக்கத்தில் இருப்பதும் தொலைவில் இருப்பதும் ஒரே தெளிவு. அதனாலேயே எது பெரிது, எது சிறிது என்று கண்ணுக்குப் பிடிபடவில்லை. கிணறு என்று நினைத்தது காரைக்கால் மாவட்டத்தையே விழுங்கும் பள்ளம் என்று வர்ணனையாளர் சொன்ன பிறகுதான் தெரிகிறது.

நடுவில் 1969-ஆம் வருஷத்துப் பழைய காட்சியையும் காட்டினார்கள். ஆம்ஸ்ட்ராங் ஏணியில் இறங்குவது. சாம்பல் நிறத்தில் ஒரு பிசாசு அசைவது போல இருந்தது. கூட உட்கார்ந்திருந்த பேரன் கேட்டான்: "ஏன் தாத்தா, ஆளையே அங்க அனுப்புனவங்க, ஒரு நல்ல கேமராவா பார்த்து அனுப்பியிருக்கக் கூடாதா?"

இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் சிலர், அவர்கள் போகவே இல்லை, எல்லாம் ஸ்டூடியோவில் எடுத்தது என்று கதை கட்டுகிறார்கள். அவர்களுக்குப் பதில் சொல்வது என் வேலை இல்லை. பேரனுக்குச் சொல்ல வேண்டும் என்று ஒரு வாரம் படித்தேன். படிக்கப் படிக்க விஷயம் கேமராவை விட்டு விலகி, எனக்கு நன்றாகத் தெரிந்த ஓர் இடத்தில் வந்து நின்றது. அதாவது ரிக்கார்டு ரூம்.

முதலில் ஜப்பான்காரர்கள். ககுயா 2007 செப்டம்பர் 14 அன்று தனேகஷிமா தீவிலிருந்து கிளம்பியது. கிளம்பும்போது எடை ஏறக்குறைய 3 டன். மூங்கில் வெட்டும் கிழவனுக்கு மூங்கிலுக்குள்ளே கிடைத்த பெண் குழந்தை, வளர்ந்தபின் நிலாவுக்கே திரும்பிப் போய்விடுகிறாள் என்பது அவர்கள் ஊர்ப் பழங்கதை. அந்தப் பெண்ணின் பெயர்தான் ககுயா. கூடவே போன இரண்டு சிறிய துணைக்கோள்களுக்குக் கதையில் வரும் கிழவன் கிழவியின் பெயரையே வைத்துவிட்டார்கள்: ஒகினா, ஓனா. நம் நிலாவில் பாட்டி வடை சுடுகிறாள், அவர்கள் நிலாவில் முயல் மாவு இடிக்கிறது. ராக்கெட் விட்ட பிறகும் பாட்டியை விடாத ஜனங்கள் என்பதால் எனக்கு அவர்களைப் பிடித்துவிட்டது.

அந்தக் கலத்தில் விஞ்ஞானக் கருவிகளோடு கூட, அவர்கள் நாட்டு ஒலிபரப்பு நிறுவனமான என்.எச்.கே. ஒரு ஹை-டெபினிஷன் கேமராவையும் பொருத்தியிருந்தது. இந்த ஹை-டெபினிஷன் ஆராய்ச்சியை அவர்கள் தொடங்கியது 1964-இல், டோக்கியோ ஒலிம்பிக் முடிந்த கையோடு. நிலாவுக்கு 100 கிலோமீட்டர் உயரத்தில், துருவத்துக்குத் துருவம், இரண்டு மணிக்கு ஒரு சுற்று வீதம் ககுயா சுற்றியது. 2007 அக்டோபர் 31 அன்று முதல் படப்பிடிப்பு. நவம்பர் 7 அன்று நிலாவின் விளிம்பிலிருந்து பூமி எழுவதை எடுத்தது. 2008 ஏப்ரல் 6 அன்று முழுப் பூமி, பௌர்ணமி போல வட்டமாக, எழுவதையும் எடுத்தது. இது வருஷத்தில் இரண்டு தடவைதான் அமையுமாம். நிலாவின் தரையில் நிற்பவனுக்குப் பூமி எழுவதும் இல்லை, விழுவதும் இல்லை, ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் தொங்கும். சுற்றி வருகிறவனுக்குத்தான் அந்த உதயம்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நாம் பார்த்த இந்தக் காட்சி எதுவும் நேரலை இல்லை. முதலில் கலத்திலேயே பதிவு செய்துகொண்டு, பிறகு நிதானமாகப் பூமிக்கு அனுப்பியது. முதல் நாள் படத்தில் 8 நிமிஷத்துக் காட்சியை ஒரு நிமிஷமாகச் சுருக்கித்தான் எடுத்தார்கள். அவசரம் இல்லாததால் துல்லியம் கிடைத்தது.

படம் தென் துருவத்தின் பக்கம் போனபோது நான் கண்ணைக் கூர்மையாக்கிக்கொண்டு பார்த்தேன். அங்கே விளிம்போரம் லெ ழாந்தி என்ற பெயரில் ஒரு பள்ளம் உண்டு. நம் புதுச்சேரிக்காரர்களுக்கு அவர் அந்நியர் இல்லை. சூரியனைச் சுக்கிரன் கடப்பதைப் பார்க்க 1760-இல் பிரான்சிலிருந்து கிளம்பியவர். வந்து சேருவதற்குள் புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது, 1761-இல் ஆடும் கப்பலில் நின்று பார்த்தது கணக்குக்கு உதவவில்லை. அடுத்த தடவைக்காக எட்டு வருஷம் கீழ்த்திசையிலேயே காத்திருந்து, 1768-இல் மறுபடி நம் ஊருக்கு வந்து, எல்லாம் தயாராக வைத்திருந்தால் 1769 ஜூன் 4 காலையில் மேகம் வந்து மூடிவிட்டது. இந்தச் சோகத்தைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அவர் இங்கே இருந்த நாட்களில், சோழிகளை அடுக்கிக் கிரகணம் கணிக்கும் முறையை நம்மூர்த் தமிழர் ஒருவரிடம் கேட்டுத் தெரிந்து எழுதி வைத்ததைச் சொல்பவர்கள் குறைவு. நம்மவர்கள் அதை மனப்பாடமாக வைத்திருந்தார்கள். அவர் காகிதத்தில் வைத்தார். எது தங்கியது என்று சொல்ல வேண்டியதில்லை.

சரி, 1969-க்கு வருகிறேன். ஆம்ஸ்ட்ராங் கால் வைத்தது நம் நேரப்படி ஜூலை 21, திங்கட்கிழமை காலை 8 மணி 26 நிமிஷம். எனக்கு 18 வயது. அப்போது இந்தியாவில் டெலிவிஷன் டில்லியில் மட்டும்தான். சென்னைக்கே 1975-இல்தான் வந்தது. ஆகவே உலகத்தில் 60 கோடிப் பேர் பார்த்தார்கள் என்று கணக்குச் சொல்லும் அந்தக் காட்சியை நாங்கள் யாரும் பார்க்கவில்லை. ரேடியோவில் கேட்டதோடு சரி. சில வாரம் கழித்து, பிரான்சிலிருந்து கப்பலில் வரும் 'பாரி மாட்ச்' பத்திரிகையில் வண்ணப் படங்கள் பார்த்தோம். அந்தப் படங்கள் எவ்வளவு தெளிவு! பூட்ஸ் தடத்தின் ஒவ்வொரு கோடும் தெரிந்தது. அதே ஆட்கள், அதே நாள். பத்திரிகைப் படம் தெளிவு, டெலிவிஷன் படம் பிசாசு. ஏன்?

பத்திரிகைப் படங்கள் ஹாசல்பிளாட் கேமராவில், 70 மில்லிமீட்டர் பிலிமில் எடுத்தவை. அந்தப் பிலிமைக் கையோடு கொண்டுவந்து இங்கே கழுவினார்கள். அதாவது அசல் ஆவணம் ஊர் வந்து சேர்ந்தது. டெலிவிஷன் படமோ வானொலி அலையில் வர வேண்டும். இறங்கிய கலத்தின் ஒரே அலைவரிசையில் பேச்சு, இதயத்துடிப்பு, இயந்திரங்களின் அளவு எல்லாம் வர வேண்டியிருந்தது. படத்துக்கு ஒதுக்க முடிந்த இடம், சாதாரண டெலிவிஷனுக்கு வேண்டியதில் ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்கு. ஆகவே வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனியார் அதற்கென்றே ஒரு கேமரா செய்தார்கள். 320 கோடுகள், விநாடிக்கு 10 படம். அமெரிக்க வீடுகளில் இருந்த பெட்டிக்கு 525 கோடும் விநாடிக்கு 30 படமும் வேண்டும். இந்தப் படம் அந்தப் பெட்டியில் ஓடாது.

அதற்கு அவர்கள் செய்த உபாயத்தைக் கேட்டால் சிரிப்பு வரும். தரை நிலையத்தில் ஒரு திரையில் அந்தப் படத்தை ஓடவிட்டு, அதற்கு எதிரே ஒரு சாதாரண டிவி கேமராவை நிறுத்தி, திரையையே மறுபடி படம் பிடித்தார்கள். அந்த இரண்டாம் நகல்தான் செயற்கைக்கோள் வழியாகவும் கம்பி வழியாகவும் ஹூஸ்டன் போய், அங்கிருந்து உலகத்துக்குப் போனது. போகும் வழியெல்லாம் தேய்ந்தது. நகலுக்கு நகல் எடுத்த ஸ்டென்சில் காகிதத்தைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். கேமராவை வேறு கலத்தின் பக்கவாட்டில் தலைகீழாக மாட்டியிருந்ததால், கலிபோர்னியாவின் கோல்ட்ஸ்டோன் நிலையத்தில் முதல் சில விநாடிகள் படமே தலைகீழாக வந்தது. பிறகு ஆஸ்திரேலியாவின் ஹனிசக்கிள் கிரீக், அதன் பிறகு அங்கேயே பார்க்ஸ் என்று எங்கே படம் நன்றாக இருந்ததோ அங்கிருந்து எடுத்துக்கொண்டார்கள்.

ஆக, அசலை அந்த நிலையங்களில் இருந்த சில பேர் மட்டுமே பார்த்தார்கள். ஹனிசக்கிள் கிரீக் நிலையத்தில் எட் வான் ரெனுவார் என்ற டெக்னீஷியன், தன் சொந்த சூப்பர்-8 கேமராவால் அந்தத் திரையைக் கொஞ்சம் படம் பிடித்து வைத்தார். அதைப் பார்த்தால் தெரிகிறது, அசல் எவ்வளவோ தேவலை என்று.

அசல் என்ன ஆனது? முறைப்படி, உள்ளே வந்த அலையை அப்படியே ஓர் அங்குல அகல காந்த நாடாவில் எல்லா நிலையங்களிலும் பதிந்துகொண்டார்கள். நேரலை கெட்டுப்போனால் பின்னால் உதவட்டும் என்று. நேரலை கெடவில்லை. உலகம் பார்த்துவிட்டது. காரியம் முடிந்தது. நாடாக்களைப் பெட்டியில் போட்டு, அமெரிக்க அரசின் பொது ஆவணக் கிடங்குக்கு அனுப்பினார்கள். சில வருஷம் கழித்து நாசாவின் கொடார்டு மையமே அந்தப் பெட்டிகளைத் திரும்பக் கேட்டு வாங்கிக்கொண்டது. 1970-களின் கடைசியிலும் 80-களின் தொடக்கத்திலும் அவர்களுக்கு நாடாத் தட்டுப்பாடு. புதிய செயற்கைக்கோள்கள் நாள்தோறும் தகவல் அனுப்பிக்கொண்டிருந்தன. பழைய நாடாக்களை அழித்து, அதன் மேலேயே புதியதைப் பதிந்தார்கள். மனிதன் நிலாவில் நடந்ததைத் தாங்கிய 45 சுருள்களும் அந்தக் கும்பலில் போயிருக்க வேண்டும் என்பதுதான் 2009-இல் நாசா வெளியிட்ட அறிக்கையின் முடிவு. 1969-இல் இந்தப் படங்களைக் கையாண்ட ரிச்சர்ட் நாஃப்ஸ்கர் என்ற இன்ஜினீயரே முன்நின்று வருஷக்கணக்கில் தேடியும் கிடைக்கவில்லை. கடைசியில் சி.பி.எஸ். நிறுவனத்திலும் ஆஸ்திரேலியாவிலும் இருந்த ஒளிபரப்பு நகல்களில் நல்லதாகப் பொறுக்கி, துடைத்து, 40-ஆம் ஆண்டுக்கு வெளியிட்டார்கள்.

எனக்கு இதைப் படித்தபோது கோபம் வரவில்லை. அந்த ஆபீஸில் யார் கையெழுத்துப் போட்டிருப்பார்கள், என்ன குறிப்பு எழுதியிருப்பார்கள் என்று என்னால் எழுதிக் காட்ட முடியும். 'நோக்கம் நிறைவேறியது. இட நெருக்கடி. மறுபயன்பாட்டுக்கு அனுமதிக்கலாம்.' மூன்று வருஷ ஃபைல், பத்து வருஷ ஃபைல், நிரந்தர ஃபைல் என்று பிரிப்பது குமாஸ்தாவின் அன்றாட வேலை. தப்பான கட்டில் போய்விட்டால் ஒரு சத்தமும் கேட்காது. முப்பது வருஷம் கழித்து ஒருவன் வந்து கேட்கும்போதுதான் தெரியும்.

நான் வேலை பார்த்த அலுவலகங்களில் ஒன்றில், பெயர் வேண்டாம், பிரெஞ்சில் எழுதிய பழைய பதிவேடுகள் ஒரு அறை நிறைய இருந்தன. மழை ஒழுகும் அறை. படிக்கத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக ஓய்வு பெற்றுவிட்டார்கள். நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன் என்பதால் எப்போதாவது என்னைக் கூப்பிட்டு ஒரு வரி படிக்கச் சொல்வார்கள். பிறகு நான் வேறு பிரிவுக்கு மாறிப் போயிருந்த காலத்தில், யாரும் கேட்காத புத்தகம் எதற்கு என்று ஒரு பகுதியை எடைக்குப் போட்டுவிட்டார்கள். இரண்டு வருஷம் கழித்து ஒரு சொல்தாவின் விதவை வந்தார். இந்தோசீனா யுத்தத்தில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர் கணவர். பிரான்சிலிருந்து பென்ஷன் வர, கல்யாணப் பதிவின் நகல் வேண்டும். அந்தம்மா பேருந்து பிடித்து வந்து, மரத்தடியில் உட்கார்ந்து, என்னைப் பார்த்ததும் எழுந்து, "ஐயா, இன்னிக்காவது கெடச்சுதுங்களா?" என்று கேட்பார். கிடைக்காது என்று எனக்குத் தெரியும். கடைசியில் மாதா கோயில் பதிவேட்டில் இருந்த நகலை வைத்துக்கொண்டு கோர்ட்டு வரை போய்த் தீர்ப்பு வாங்கிய பிறகே பென்ஷன் வந்தது. அப்போது அவருக்கு எண்பதுக்கு மேல். நாசா கடைசியில் சி.பி.எஸ். நகலிடம் போய் நின்றது போலத்தான் அதுவும். அசல் போனால் அடுத்தவன் வைத்திருக்கும் நகல்தான் கதி.

எல்லா இடத்திலும் இப்படியே நடந்துவிடவில்லை. மனிதன் இறங்கச் சரியான இடம் தேட, 1966, 67 இரண்டு வருஷங்களில் லூனார் ஆர்பிட்டர் என்று ஐந்து கலங்களை அனுப்பினார்கள். ஐந்தும் வெற்றி. ஆளில்லாத கலத்துக்குள்ளேயே பிலிமில் படம் எடுத்து, உள்ளேயே கழுவி, காயவைத்து, பட்டை பட்டையாக ஒளியால் வருடி பூமிக்கு அனுப்பும் ஏற்பாடு. கோடக் கம்பெனியின் வேலை. ஒரு குட்டி ஸ்டூடியோவே நிலாவைச் சுற்றியது என்று சொல்லலாம். 1966 ஆகஸ்ட் 23 அன்று முதல் கலம், நிலாவின் விளிம்புக்கு அப்பால் பூமி தெரிவதை எடுத்தது. நிலாப் பக்கத்திலிருந்து நம் பூமியின் முதல் படம் அதுதான். ஆனால் அன்றைக்கு வெளியான படம் கோடு கோடாக, வெளுத்துப்போய் இருந்தது. அசல் தகவல் ஏறக்குறைய 1,500 நாடாக்களில் இருந்தது.

1980-களின் நடுவில், இந்த நாடாக்களை இன்னும் வைத்திருக்க வேண்டுமா என்ற கேள்வி நான்சி எவன்ஸ் என்ற அம்மையாரிடம் வந்தது. நாசாவின் ஜே.பி.எல். நிலையத்தில் பழைய தகவல்களுக்குப் பொறுப்பில் இருந்தவர். ஒரு 'சரி' எழுதியிருந்தால் போதும். அவர் எழுதவில்லை. நாடாவைக் காப்பாற்றினால் மட்டும் ஆகுமா, அதை ஓட்டும் ஆம்பெக்ஸ் இயந்திரம் வேண்டுமே. குளிர்பதனப் பெட்டி உயரம் இருக்கும் அந்த இயந்திரங்கள் அப்போதே உலகத்தில் விரல்விட்டு எண்ணும்படிதான் இருந்தன. விமானப்படை கழித்துப் போட்டதை வாங்கி, தன் சொந்த இடத்திலேயே வருஷக்கணக்கில் போட்டு வைத்திருந்தார். பழுதுபார்க்கப் பணம் யாரும் தரவில்லை. அவரும் ஓய்வு பெற்றுவிட்டார்.

2007-இல் டென்னிஸ் விங்கோ, கீத் கௌவிங் என்ற இருவர் அவரைத் தேடிப் போய் அவற்றைப் பெற்றுக்கொண்டு, கலிபோர்னியாவில் நாசாவின் ஏம்ஸ் மையத்துக்குக் கொண்டு போனார்கள். அவர்களுக்குக் கிடைத்த இடம், அந்த வளாகத்தில் மூடிக் கிடந்த மக்டொனால்ட்ஸ் சாப்பாட்டுக் கடை. பன் ரொட்டி விற்ற இடத்தில் நாடாவை ஓட்டினார்கள். 2008 நவம்பரில் அந்த 1966-ஆம் வருஷத்துப் பூமிப் படம் புதிதாக வெளிவந்தது. எடுத்த அன்று உலகம் பார்த்ததைவிட, 42 வருஷம் கழித்து அதே படம் பல மடங்கு தெளிவு. கேமரா மாறவில்லை, நிலா மாறவில்லை. ஓர் அம்மாள் தூக்கிப் போட மறுத்தார், அவ்வளவுதான்.

இந்த இடத்தில் பிரெஞ்சுக்காரர் ஒருவரையும் சொல்லாமல் விட முடியாது. நிலாவுக்குப் போவதை முதன்முதல் சினிமாவாக எடுத்தவர் ழோர்ழ் மெலியெஸ், 1902-இல். நிலாவின் கண்ணில் குண்டு வந்து குத்தும் அந்தக் காட்சியைப் பார்க்காதவர்கள் குறைவு. முதல் உலக யுத்தத்தில் பட்டாளம் அவருடைய படப் பிரதிகளில் பலவற்றை எடுத்துக்கொண்டு போய் உருக்கி, பூட்ஸ் குதிகால் செய்தது. மீதியிருந்த மூலப் பிரதிகளை, வைக்க இடமில்லாமல், 1923-இல் அவரே வெறுப்பில் கொளுத்திவிட்டார். பிறகு பாரிஸில் மொம்பர்னாஸ் ரயில் நிலையத்தில் பொம்மைக் கடை வைத்துக் காலம் தள்ளினார். கையால் வண்ணம் தீட்டிய நிலாப் படப் பிரதி ஒன்று 1993-இல் பார்சலோனாவில் கிடைத்தது. பிலிம் ஒட்டிக் கட்டையாகியிருந்தது. வருஷக்கணக்கில் பிரித்தெடுத்து, 2011-இல் கான் பட விழாவில் வண்ணத்தோடே திரையிட்டார்கள்.

ககுயா 2009 ஜூன் 11 அன்று, ஜப்பான் நேரப்படி விடியற்காலையில், வேண்டுமென்றே நிலாவின் மேல் இறக்கி மோதவிடப்பட்டது. அதற்கு ஏழு மாதம் முன்பிருந்தே நம் சந்திரயான்-1 கூட அங்கே சுற்றிக்கொண்டிருந்தது. விழுவதற்குச் சற்று முன்வரை அந்த ஹை-டெபினிஷன் கேமரா தரை நெருங்கி வருவதைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறது. அது எடுத்த காட்சிகளை ஜப்பான் விண்வெளி நிறுவனம் ஒழுங்காக அடுக்கி, யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி வைத்திருக்கிறது. கலம் விழுந்த இடம் தென் பாதியில் கில் என்ற பள்ளத்தின் அருகில். டேவிட் கில் என்பவர் தென்னாப்பிரிக்காவின் கேப் வானாய்வகத்தில் இருந்த ஸ்காட்லாந்துக்காரர். வானத்து நட்சத்திரங்களையெல்லாம் போட்டோ எடுத்துப் பதிவேடாக்கி வைக்க வேண்டும் என்று 1880-களில் முதலில் வற்புறுத்தியவர்களில் ஒருவர்.